சலோமி வெளுத்த துணி

சலோமி ஹார்ட்மனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் ரயிலடி ஓட்டலில் சமையல்காரி. ஓட்டல் துணியெல்லாம் அவளிடம்தான் வெளுக்கப் போகும். ஒரு முறை என் நல்ல ஏப்ரனில் இருந்த செர்ரிக் கறை போகவே இல்லை. துணி எடுக்க வந்த கூட்டத்தின் முன்னால் அதைக் கேட்டுவிட்டேன். "அது கறை இல்ல லிடியா, உன் சமையல். அதை வெளுக்க என்னால ஆகாது" என்றாள். கூடையும் கையுமாக நின்ற அத்தனை பேரும் பல்லைக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஜெர்மன் பண்ணைகளிலிருந்து எங்கள் ஹெம்லக் கேப்புக்குக் கல்யாணமாகி வந்தவள் அவள். புருஷன் ஜேக்கப் மரம் வெட்டுகிறவன். வெட்டியதைவிடக் குடித்தது அதிகம். மேற்கே வேலை இருக்கிறது என்று ஒரு வசந்த காலத்தில் ரயிலேறினான், திரும்பி வரவே இல்லை. யாராவது விசாரித்தால், "தொலைஞ்சது என் புருஷன், தேடுறது நீயா? போய்ப் பொழப்பப் பாரு" என்பாள். பிள்ளை குட்டி கிடையாது. மொட்டைமலையின் அடியில் ஓடையோரமாக ஒரு மரவீடும், அதன் பின்னால் சரிவாக ஒரு துண்டுப் புல்வெளியும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஊர்த் துணியை வெளுத்துப் பிழைத்தாள். கொப்பரையில் சாம்பல் காரம் போட்டு வேகவைப்பாள், ஓடையில் அலசுவாள், நீலம் போடுவாள். கெட்டித் துணியாக இருந்தால் புல்லில் விரித்துவிட்டு நாள்கணக்கில் அப்படியே விட்டுவிடுவாள். பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் அது தானாக வெளுக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவள் கை பட்ட விரிப்பைப் பார்த்தால், அழுக்காகிவிடுமே என்று அதில் படுக்க மனசு வராது. பிடிக்காதவள் என்பதற்காக உண்மையை விழுங்க முடியுமா?

அவளிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. வெளுத்த துணியை எந்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாள். போட்டவர்தான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, எது யாருடைய துணி என்று மூச்சுவிட மாட்டாள். துணி பேசுமே! யாருக்கு இருமலில் ரத்தம் வருகிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் படுக்கிறார்கள், மதுவிலக்கு மேடையில் முழங்குகிறவர் சட்டையில் என்ன வாடை அடிக்கிறது, எல்லாம் வெளுக்கிறவளுக்குத் தெரியும். ஒரு நாள் எங்கள் தேவாலய மூப்பரின் மனைவி பெர்த்தா ஸ்னைடர் கொடியைக் காட்டிக் கேட்டாள்.

"அந்த லேஸ் வெச்ச உள்பாவாடை யாரோடது சலோமி? நம்ம டீச்சரம்மாவோடதா? வாத்தியார் சம்பளத்துல லேஸ் எங்கேருந்து வருது?"

"உன் வீட்டுத் துணியப் பத்தியும் ஒருத்தி வந்து கேட்டா பெர்த்தா. வாய மூடிக்கிட்டுப் போன்னு அவகிட்டயும் சொல்லித்தான் அனுப்பினேன்."

பெர்த்தா முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். கேட்டது யார் என்று ஒரு மாதம் தூக்கமில்லாமல் அலைந்தாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பகை அன்று பிடித்தது.

பிறகுதான் விமானத் தபால் வந்தது. நியூயார்க்கிலிருந்து கிளீவ்லாண்டு போகிற விமானங்கள் பெட்ரோலுக்காக எங்கள் ஊரில் இறங்கும். ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னக் குன்றைத் தாண்டியிருந்த கோதுமைக் கொல்லையைச் சமன்செய்து மைதானமாக்கினார்கள். அதற்குக் காவலாக ஆர்லோ க்ளேப்பைப் போட்டார்கள். அதுவரை குதிரை லாயம் வைத்திருந்தவன். தலைக்கு ஒரு தொப்பி கொடுத்ததும் தலையே பெருத்துவிட்டது. அந்தக் காலத்தில் விமானிக்கு வழிகாட்ட ஒன்றும் கிடையாது. தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டே வருவான். மைதானத்தில் இரண்டு நீளமான வெள்ளைக் கித்தான்களை, ஒன்று நெடுக, அதன் தலைமாட்டில் இன்னொன்று குறுக்காக, ஆங்கில டி (T) எழுத்துப் போல விரித்திருப்பார்கள். அந்த வெள்ளை தெரிந்தால் இறங்குவான். அதை விரிப்பதுதான் ஆர்லோவின் முதல் வேலை.

விமானி எல்மர் டோபின் எங்கள் ஓட்டலில்தான் சாப்பிடுவான். வாட்டசாட்டமான பையன், வாய் கொஞ்சம் நீளம். "மேலேருந்து பாத்தா உங்க ஊரு ஒரு எச்சில் துப்பினா மறைஞ்சிடும் லிடியா" என்பான்.

"பாத்துத் துப்புடா. உன் சாப்பாடும் அதே ஊருலதான் இருக்கு" என்பேன். சிரித்துக்கொண்டே, நான் சுட்ட ஆப்பிள் பணியாரத்தில் இரண்டாவது துண்டு கேட்பான்.

விமானம் வந்ததில் ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது, சலோமியைத் தவிர. மலைச் சந்து வழியாகத் தாழப் பறக்கும்போது அவள் கொடியின் மேல் எண்ணெய் பொட்டுப் பொட்டாகச் சிந்தும். வேகவைத்து அலசி நீலம் போட்ட துணியை மறுபடி கொப்பரையில் போட வேண்டும். விமானச் சத்தம் கேட்டாலே வெளியே ஓடிவந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டி ஆட்டித் திட்டுவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், கை முழுக்கச் சோப்பு நுரையோடு, நேரே மைதானத்துக்கே போய்விட்டாள். நாங்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தோம்.

"ஏண்டா, வானம் என்ன உங்கப்பன் வீட்டுக் கொல்லையா? என் துணி மேல ஏண்டா மூத்திரம் பெய்றே?"

எல்மர் சிரித்தான். "கொடிய நகர்த்திக் கட்டுங்கம்மா. என்னால மலைய நகர்த்த முடியாது."

"நகர்த்தாதே! ஒரு நாள் அந்த மலையிலயே போய் முட்டப்போறே பாரு!"

ஊரே அதைக் கேட்டது. கேட்டதை முடிந்து வைத்துக்கொண்டது.

அடுத்த மே மாதத்தில் ஒரு காலை, மேகம் மொட்டைமலையின் இடுப்புவரை இறங்கிக் கிடந்தது. நான் மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். விமானச் சத்தம் வந்தது, ஆனால் மைதானத்துப் பக்கம் வரவில்லை. ஓடைப் பக்கமாகத் தாழ்ந்து ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடியும் சுற்றியது. அப்புறம் மலையை நோக்கி ஏறுகிற மாதிரி இரைந்தது. சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை.

ஆண்கள் ஓடினார்கள். எல்மரைக் குதிரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். திமிர் பிடித்த பயல்தான், ஆனாலும் என் கையால் சாப்பிட்டவன். பாதி எரிந்த கடிதங்கள் சரிவெல்லாம் பறந்து ஆப்பிள் மரங்களில் சிக்கிக் கிடந்தன. பெர்த்தாவும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள். மலையிலிருந்து இறங்கும்போது அவள் கண்ணில் சலோமியின் புல்வெளி பட்டது. இரண்டு நீளமான வெள்ளைத் துணிகள். ஒன்றைச் சரிவு நெடுக விரித்திருந்தாள். பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் இல்லாததால், அதை மேலே குறுக்காகப் போட்டிருந்தாள்.

"டி! டி எழுத்துப் போட்டு வெச்சிருக்கா பாருங்க!" என்று பெர்த்தா அலறினாள். "மைதானம்னு நினைச்சு அந்தப் புள்ள இங்க சுத்தியிருக்கு! கூப்பிட்டு மலையில முட்ட வெச்சிருக்கா, பாவி!"

கூட்டம் சேற்றுக்காலோடு புல்வெளியை நோக்கி வந்தது. சலோமி, மிதித்துவிடப்போகிறார்கள் என்று அவசர அவசரமாகத் துணிகளைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோனாள். அதுவும் குற்றமாகிவிட்டது. மறைக்கிறாள் பார், என்றார்கள்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. தபால் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாவட்ட விசாரணை அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். இயந்திரம் பார்க்கிறவர்கள் ஏதேதோ சொன்னார்கள். வால் பக்கத்துக் கம்பி ஒன்று அறுந்திருந்தது. விழும் முன்னால் அறுந்ததா, விழுந்ததால் அறுந்ததா, சொல்ல முடியாது. பெட்ரோல் இருந்ததா, தீர்ந்ததா? எரிந்துபோனதில் அதுவும் சொல்ல முடியாது. அடுத்து ஆர்லோவை எழுப்பினார்கள். அன்று காலை மைதானத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை.

"மைதானத்துல அடையாளத் துணி விரிச்சிருந்ததா?"

"விரிச்சிருந்தது ஐயா. எப்பவும் போல." வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னான்.

கடைசியில் சலோமி.

"அன்னிக்கு உங்க புல்வெளியில வெள்ளைத் துணி விரிச்சிருந்தீங்களா?"

"விரிச்சிருந்தேன். வெளுக்க."

"யாரோட துணி?"

"சொல்ல மாட்டேன்."

கூடம் இரைந்தது. அதிகாரி மேசையைத் தட்டினார். "ஒரு மனுஷன் செத்திருக்கான் அம்மா."

"தெரியும். என் கொல்லைக்கு மேலதான் செத்தான்."

"அப்ப சொல்றதுக்கு என்ன?"

"துணி போட்டவங்க சொல்லட்டும். எல்லாரும் இங்கதானே உக்காந்திருக்காங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆர்லோ மடியில் இருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். "எவளோ ஒருத்தி விரிப்புன்னா சொல்லிட்டுப் போறதுதானே? பில்லிசூனியம் வெச்சிருப்பா!" என்று பெர்த்தா பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். அதிகாரிகள் தங்களுக்குள் பேசி, விபத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு மாலை ரயிலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, ஊருக்குத் தெரியுமே! ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த திங்கட்கிழமை அவள் வாசலில் ஒரு கூடைகூட இல்லை. கொடுத்திருந்த துணியைக் காயாமலேகூட எடுத்துப்போனார்கள். வேதத்தில் ராஜா முன்னால் ஆடி, யோவான் தீர்க்கதரிசியின் தலையைப் பரிசாகக் கேட்டவளுக்கும் சலோமி என்றுதான் பெயர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. பெர்த்தா அதைப் பிடித்துக்கொண்டாள். "அவ ஆடிக் கேட்டா, இவ விரிச்சுக் கேட்டா. பேருக்கு ஏத்த புத்தி!" கடைத்தெருவில் சலோமி நடந்தால் எதிரில் வருகிறவர்கள் மறுபக்கம் போனார்கள். அவளோ இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனாள். விமானம் மேலே போனாலும் இப்போதெல்லாம் திட்டுவதில்லை. கையை வெளியே எடுப்பதே இல்லை. அழுத்தக்காரி, செத்தவனுக்காக ஒரு சிலுவைக்குறி போட்டாளா பார், என்று நானும்தான் நினைத்தேன்.

எங்கள் முதலாளி ஓட்டல் துணியை ரயிலில் ஏற்றி நகரத்துச் சலவைக்கு அனுப்பினார். பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தேன். கோடைமுடிவில், அவளிடம் மிச்சமிருந்த என் ஏப்ரன்களை எடுக்கப் போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அலமாரியில் ஒரு பாத்திரம் உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரோட துணின்னு சொல்லித் தொலையேன்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு எவ்வளவு நாளைக்கு இருப்பே?"

"சொன்னா?"

"பொழைப்பே!"

"எப்படி? வாயத் திறந்தவகிட்ட எவ துணி போடுவா? நீ போடுவியா?"

போட மாட்டேன், அதுதான் உண்மை.

"கூலிக்கு வெளுக்கிறேன் லிடியா. அதுல பாதி வாய மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு. போட்டவன் வருவான். வந்து எடுத்துக்கட்டும்."

"போட்டவன்" என்றாள், கவனித்தேன். போட்டவள் என்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் எல்மருக்காக மைதானத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். தபால் இலாகா அதிகாரி விமானத்திலேயே வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. ஊரே நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு கூடியது. ஊதுகுழல்காரர்கள்கூட வந்திருந்தார்கள். வானம்தான் சரியில்லை. மே மாதத்து அதே மேகம், கூரைக்கு மேல் கூரை போட்ட மாதிரி. மைதானத்தில் விரித்திருந்த டி எழுத்தைப் பார்த்தேன். கித்தான் இல்லை. வீட்டுப் படுக்கை விரிப்புகள், அழுக்கேறிச் சாம்பல் பூத்தவை. புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"பழைய கித்தான் எங்க ஆர்லோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதை... செத்தவருக்கு மரியாதையா மடிச்சு வெச்சிட்டோம்" என்றான்.

எல்லாரும் உருகிப்போனார்கள். பெர்த்தா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது குன்றின் மேல் சலோமி தெரிந்தாள். தள்ளுவண்டியில் ஒரு மூட்டையை வைத்து, மேகத்தைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். துணியைத் தூக்கிக்கொண்டு அவள் யாரிடமும் போய் நான் பார்த்ததே இல்லை.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றா இவ!" என்றாள் பெர்த்தா. "அவனோட கல்லையாவது விட்டு வைடி!"

யாரோ ஒருவன் வண்டியை மறித்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் மேகத்துக்குள் விமானச் சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு மேலேயே போனது, திரும்பியது, ஓடைப் பக்கமாகச் சுற்றியது. ஊதுகுழல்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். எல்லார் காதிலும் மே மாதத்துச் சத்தம்தான் கேட்டிருக்கும். சத்தம் மொட்டைமலைப் பக்கம் நகர்ந்தது. ஆர்லோவின் முகத்தில் ஈயாடவில்லை.

சலோமி வண்டியை அவன் காலடியில் கவிழ்த்தாள்.

"ஆர்லோ, உன் துணி. வெளுத்து நாளாச்சு. நீ வந்து எடுக்கல."

மூட்டை அவிழ்ந்தது. இரண்டு நீளக் கித்தான்கள். அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. ஓரத்தில் தாரால் குத்திய தபால் மைதான முத்திரை, எத்தனை கொதியிலும் போகாமல், கறுப்பாக நின்றது. ஆர்லோ அசையவில்லை. "விரிங்கடா மடப்பயலுகளா!" என்று கத்திக்கொண்டு நான் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை அவள் பிடித்தாள். ஓடி விரித்தோம், முதலில் நீளமாக ஒன்று, பிறகு குறுக்காக ஒன்று. மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. விமானம் அந்தக் கிழிசல் வழியாகச் சாய்ந்து பார்த்து, நேராக அந்த வெள்ளையை நோக்கி இறங்கியது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே இறங்கிவந்தார். "மேலே ஒண்ணுமே தெரியல. நல்ல வேளை, இந்தத் துணி இருந்துச்சு. மே மாசத்துல இந்த மைதானத்துல விரிச்சிருந்த அதே துணிதானே இது?"

இருநூறு பேரும் முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். சாயம் வெளுத்துப்போன பிறகு தொப்பி எதற்கு?

"நான்தான் அவகிட்ட வெளுக்கப் போட்டிருந்தேன்" என்றான். "சேறாகிக் கிடந்துது. அந்த வாரம் விமானம் வராதுன்னு நினைச்சேன். மைதானத்துல அன்னிக்கு ஒண்ணும் இல்ல."

அதிகாரி சலோமியிடம் திரும்பினார். "ஏன்மா, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டது நீங்க. துணி உங்களுது இல்லையே. இப்பவும் நான் யார்கிட்டயும் சொல்லல. போட்டவன்கிட்ட குடுத்தேன்."

பெர்த்தா விடவில்லை. "அரசாங்கத் துணிய இத்தனை மாசம் வீட்டுல வெச்சிருந்திருக்கா! திருட்டுத்தானே இது?" என்றாள். அவளைச் சும்மா சொல்லக் கூடாது. குப்புற விழுந்தாலும் மூக்கில் மண் ஒட்டவில்லை என்பவள்.

ஆர்லோவின் வேலை போயிற்று. யாரும் சலோமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. அடுத்த திங்கட்கிழமை அவள் வாசலில் கூடைகள் வந்து நின்றன, அவ்வளவுதான். நகரத்துச் சலவை யாருக்கும் பிடிக்கவில்லையே! பெர்த்தாவின் கூடையும் வந்தது. சலோமி அதை எப்போதும் கடைசியில்தான் கொப்பரையில் போட்டாள். நான் ஓட்டல் துணியோடு போனேன். "இப்ப நிம்மதியா?" என்று கேட்டேன்.

அவள் துணியை அலசிக்கொண்டே பேசினாள். "என்ன நிம்மதி? துணி ஆர்லோவோடதுதான். விரிச்சது யாரு?"

"நீ என்ன கண்டே? கம்பி அறுந்திருக்கலாம், மேகமா இருக்கலாம். அதிகாரிங்களுக்கே தெரியல."

"எனக்கும் தெரியல. யாருக்கும் தெரியப்போறதும் இல்ல." அலசுவதை நிறுத்தினாள். "அன்னிக்கு அவன் தாழ வந்து சுத்துனான். தலைய வெளிய நீட்டி என்னப் பாத்தான் லிடியா. நான் வழக்கம் போல ரெண்டு கையையும் தூக்கி ஆட்டித் திட்டினேன். கீழ துணி கிடக்கு, ஒருத்தி நின்னு கையை ஆட்டுறா. இறங்கு, இறங்குன்னு கூப்பிடுறதா நினைச்சிருப்பானோ? இல்ல, வராதேன்னு சொல்றதா நினைச்சு மலைப் பக்கம் ஏறிட்டானோ? இத யாருமே என்கிட்ட கேக்கல."

நான் அவள் பக்கத்தில் குந்தி, ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அவளும் என் சமையலை விட்டுவைக்கவில்லை. ஆனால் புல்லில் துணி விரிப்பதை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள், எவ்வளவு கெட்டித் துணியானாலும் கொடியில்தான். விமானம் வருகிற சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பாள். ஈரக் கைகளை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு, சத்தம் மலையைத் தாண்டும்வரை அசையாமல் நிற்பாள். சாகிறவரை அப்படித்தான் நின்றாள்.